பெங்குவினுக்கு விளையாடத் தெரியுமா?

சேரவே சேராது என்று ஊரார் சத்தியம் செய்த ஜோடிகள் சில உண்டு. பாகற்காயும் பாயசமும் ஒன்று. லினக்ஸும் கம்ப்யூட்டர் கேம்ஸும் இன்னொன்று. முதல் ஜோடி இன்னும் சேரவில்லை. இரண்டாவது சேர்ந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

லினக்ஸா, அது என்ன என்பவர்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். விண்டோஸ் மாதிரி அதுவும் கம்ப்யூட்டரை இயக்குகிற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்தது. காசு கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். சின்னம், வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குண்டுப் பெங்குவின். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிமடியிலும் இதுதான் ஓடுகிறது. நான் படித்தது பி.காம். 'காசு கிடையாது' என்றதுமே காது நிமிர்ந்துவிட்டது. மற்ற தத்துவமெல்லாம் பிற்பாடு புரிந்தது.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் லினக்ஸ் ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறது, தெரியுமோ? 2011-ல் அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு 'பாஸ்' என்கிற லினக்ஸும் ஒட்டுக் குடித்தனமாக உள்ளே இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் தயாரிப்பு. எங்கள் தெருவில் அதன் ஆயுள் சராசரியாக ஒரு சாயங்காலம். பையன்கள் திறந்து பார்ப்பார்கள். "இதுல கேம் ஓடலைடா!" அவ்வளவுதான். ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தூக்கி எறிய ஒரு பிளஸ் டூ பையனுக்கு அந்த ஒரு காரணம் போதும். அலுவலகத்துக்கு லினக்ஸ், பாங்க் சர்வருக்கு லினக்ஸ், ராக்கெட்டுக்கு லினக்ஸ் என்று என்னதான் பெருமை பேசினாலும், விளையாட முடியாத வீட்டில் குழந்தைகள் தங்குவதில்லை.

யாரும் முயற்சி பண்ணவில்லை என்று இல்லை. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தாவான 'டூம்' 1993 கடைசியில் வந்தது. அடுத்த வருஷமே அந்தக் கம்பெனியில் இருந்த டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1998-ல் ஸ்காட் டிரேக்கர் என்ற வக்கீல், 'லோக்கி' என்று கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியே ஆரம்பித்தார். பிரபலமான விண்டோஸ் கேம்களை உரிமை வாங்கி லினக்ஸுக்கு மாற்றி எழுதி, அட்டைப் பெட்டியில் போட்டு விற்பது. 'சிவிலைசேஷன்: கால் டு பவர்', 'சிம்சிட்டி 3000', 'குவேக் 3' என்று வரிசையாக இறக்கினார்கள். வேலை சுத்தம். விற்பனைதான் படுத்துவிட்டது. லினக்ஸ் வைத்திருந்த விளையாட்டுப் பிரியர்கள் பலரும் அதே கம்ப்யூட்டரில் ஓரமாக விண்டோஸும் வைத்திருந்தார்கள். விண்டோஸ் கேம் முதலில் வரும். வாங்கிவிடுவார்கள். இரண்டாவது தடவை அதே சரக்குக்கு யார் காசு கொடுப்பார்? 2002 ஜனவரியில் லோக்கி கதவைச் சாத்தியது.

(அதற்காக எங்களைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். 2010-ல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று சில கேம்களைக் கட்டாகக் கட்டி, 'மனசுக்குப் பட்ட விலையைக் கொடுங்கள்' என்று விற்றார்கள். விண்டோஸ்காரர், மேக்காரர், லினக்ஸ்காரர் மூவரில் சராசரியாக அதிகம் கொடுத்தது லினக்ஸ்காரர்தான்! ரோஷக்காரர்கள் சார் நாங்கள்.)

லோக்கியின் கதையில் ஒரு நல்ல சங்கதி மிச்சம். அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா, எஸ்.டி.எல். என்று ஒரு கருவி எழுதியிருந்தார். படம், சத்தம், கீபோர்டு, ஜாய்ஸ்டிக் எல்லாவற்றையும் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஒரே மாதிரி கையாள வழி செய்கிற கருவி. கம்பெனி போனாலும் கருவி போகவில்லை. இன்றைக்கும் எண்ணற்ற கேம்களுக்குள் அது இருக்கிறது. இன்சால்வென்சி ஆன கம்பெனியின் ஆஸ்தியில் இப்படி ஒரு அயிட்டம் எங்கள் பாடப் புத்தகத்தில் கிடையாது.

சரி, மாற்றி எழுதுவது கட்டுப்படியாகவில்லை. வேறு வழி? மொழிபெயர்ப்பு!

வடக்கேயிருந்து தலைவர் வருகிறார். மேடையில் இந்தியில் பொழிகிறார். பக்கத்தில் நம்மூர் ஆசாமி ஒருவர் நின்றுகொண்டு வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்கிறார் அல்லவா? அதே வேலையைச் செய்ய 1993-ல் ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த சாஃப்ட்வேரின் பெயர் 'வைன்'. (மதுவிலக்குத் துறை பதற வேண்டாம். 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதன் சுருக்கம்.) விண்டோஸுக்காக எழுதிய கேம், 'அந்த ஃபைலைத் திற, இந்தச் சத்தத்தைப் போடு' என்று விண்டோஸ் பாஷையில் கேட்கும். வைன் அதை லினக்ஸிடம் லினக்ஸ் பாஷையில் சொல்லி, பதிலை வாங்கிக் கொடுக்கும். தான் பேசிக்கொண்டிருப்பது விண்டோஸிடம் இல்லை என்று கேமுக்குக் கடைசிவரை தெரியாது.

1994 முதல் இந்த வேலையைத் தலைமை தாங்கி நடத்துகிறவர் அலெக்ஸாண்டர் ஜூலியார். முதல் முழுப் பதிப்பு, அதாவது 1.0, எப்போது வந்தது என்கிறீர்கள்? 2008 ஜூன். பதினைந்து வருஷம்! எங்கள் ஊர் மேம்பாலமே அதற்குள் இரண்டு தடவை முடிந்திருக்கும். அப்போதும் பெரிய கேம் என்றால் திக்கித் திணறும். பேச்சை மொழிபெயர்த்துவிடலாம், படத்தை? விண்டோஸ் கேம்கள் திரையில் படம் வரைய 'டைரக்ட்எக்ஸ்' என்கிற தனி பாஷை வைத்திருந்தன. மேடையில் தலைவர் பேசிக்கொண்டே பரதமும் ஆடினால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார், பாவம்.

இங்கேதான் கதையின் ஹீரோ நுழைகிறார். பிலிப் ரெபோலே. 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற ஜப்பானிய கேம் மீது அவருக்குப் பிரியம். லினக்ஸில் ஓடவில்லை. நீங்களும் நானும் என்ன செய்வோம்? முணுமுணுத்துவிட்டு விண்டோஸுக்குப் போவோம். இவர் உட்கார்ந்து டைரக்ட்எக்ஸை, 2016-ல் வந்திருந்த 'வல்கன்' என்ற புது வரைகலை பாஷைக்கு மாற்றுகிற டி.எக்ஸ்.வி.கே. என்ற சாஃப்ட்வேரை எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு கேம் விளையாட வேண்டும் என்ற ஆசை! அந்த ஆசையினால் ஆயிரக்கணக்கான கேம்களுக்கு வாசல் திறந்தது. 2018-லேயே அமெரிக்காவின் 'வால்வ்' கம்பெனி அவரைக் கூப்பிட்டு சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது.

வால்வ் யார்? 'ஸ்டீம்' என்ற கேம்ஸ் கடையை நடத்துகிறவர்கள். கம்ப்யூட்டர் கேம் விற்பதில் உலகத்திலேயே பெரிய மளிகைக் கடை அதுதான். அவர்களுக்கு லினக்ஸ் மேல் ஏன் இந்தக் கரிசனம்? தர்ம காரியமா? காமர்ஸ் படித்தவன் அப்படியெல்லாம் நம்ப மாட்டான். கடை முழுக்க விண்டோஸ் என்கிற காம்ப்ளெக்ஸுக்குள் இருந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, காம்ப்ளெக்ஸ் ஓனரே தரைத் தளத்தில் சொந்தமாக ஒரு கடை திறந்தார். வால்வ் முதலாளி கேப் நியூவெல் பதிமூன்று வருஷம் மைக்ரோசாஃப்டிலேயே குப்பை கொட்டியவர். அவருக்கு வாசனை புரியாதா? விண்டோஸ் 8 எல்லோருக்கும் பெரிய விபத்து என்று பகிரங்கமாகவே சொன்னார். விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் கமிஷன் வாங்குகிற தொழில் அவருடையது. நாளைக்கு ஓனர் வாடகையை ஏற்றினால்? பக்கத்தில் சொந்தமாக நாலு சென்ட் நிலம் இருப்பது நல்லதுதானே!

2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-ல் 'ஸ்டீம் மெஷின்' என்று லினக்ஸ் பெட்டிகளை விற்றுப் பார்த்தார்கள். கேம்கள் போதவில்லை, சத்தமில்லாமல் அடங்கிவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். 2018 ஆகஸ்டில் வைனையும் டி.எக்ஸ்.வி.கே.யையும் இன்னும் சில உதிரிகளையும் ஒன்றாகக் கட்டி, 'புரோட்டான்' என்று பெயர் வைத்து ஸ்டீமுக்குள்ளேயே நுழைத்துவிட்டார்கள். இன்ஸ்டால் பட்டனை அமுக்க வேண்டியது, விளையாட வேண்டியது. விண்டோஸ் கேமா, லினக்ஸ் கேமா என்று பார்க்கவே தேவையில்லை.

2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்'. கையில் பிடித்து விளையாடுகிற குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளே லினக்ஸ். அதே வாரம் 'எல்டன் ரிங்' என்ற பிரம்மாண்ட கேம் வெளியானது. விண்டோஸில் நடுநடுவே திக்கியது. ஸ்டீம் டெக்கில் அந்தத் திக்கலை வால்வ் ஆட்கள் மொழிபெயர்ப்பிலேயே பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். தலைவருக்குத் திக்குவாய்; மொழிபெயர்ப்பாளர் கணீரென்று பேசிவிட்டார். அன்றைக்கு எங்கள் ஜாதிக்காரர்கள் (லினக்ஸ் ஜாதியைச் சொல்கிறேன்) காலரைத் தூக்கி விட்டுக்கொண்டது நிஜம்.

இதில் ஒரு குடும்பச் சண்டையும் உண்டு. என் நண்பர் ஒருவர், பரம லினக்ஸ் பக்தர். "இது வெட்கக்கேடு சார்! அடுத்தவன் சாப்பாட்டை எடுத்து நம்ம இலையில பரிமாறிட்டு விருந்துன்னு சொல்றீங்க. லினக்ஸுக்குன்னே எழுதற கேம் இனி எவன் எழுதுவான்?" என்று பாய்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. புரோட்டான் இருக்கும்போது லினக்ஸுக்குத் தனிப் பதிப்பு எதற்கு என்று கேட்கிற கம்பெனிகள் உண்டு.

ஆனால் என் கட்சி வேறு. 1999-ல் லோக்கி பாடுபட்டு எழுதிய லினக்ஸ் கேம் சி.டி.யை எடுத்து இன்றைய லினக்ஸில் போட்டுப் பாருங்கள். அசலாக ஓடாது. அது தேடுகிற பழைய லைப்ரரிகள் எல்லாம் காலமாகிவிட்டன; தோண்டி எடுத்து வந்து ஒட்டுப் போட வேண்டும். அதே காலத்து விண்டோஸ் கேம் பலவும் வைனில் ஜம்மென்று ஓடுகின்றன! நம் வீட்டு சாம்பார் ஊசிப்போய்விட்டது, பக்கத்து வீட்டு ஆவக்காய் இருபத்தைந்து வருஷமாக அப்படியே இருக்கிறது. லினக்ஸ் தன் உள்ளமைப்பை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். விண்டோஸின் பழைய பாஷையோ மாறாமல் நிற்கிறது. வைன் அதை உயிர் போனாலும் காப்பாற்றும். நாளைக்கே வால்வ் கடையை மூடினாலும் வைனும் டி.எக்ஸ்.வி.கே.யும் புரோட்டானும் திறந்த புத்தகம், யாராவது தொடர்வார்கள். கொள்கையைவிட, இருபது வருஷம் கழித்தும் கேம் ஓடுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை. காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் அக்கா போன் பண்ணினாள். "டேய், இவனுக்குப் புது கம்ப்யூட்டர் வேணுமாம். கடைக்காரன் எழுபதாயிரம்ங்கறான். பழசு ரொம்ப பழசாம், தூக்கிப் போடணுமாம். நீதான கம்ப்யூட்டர் புலி, வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஏழெட்டு வருஷப் பெட்டி. ஆனால் கிராபிக்ஸ் கார்டு ஏ.எம்.டி.; அதன் டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே வந்துவிடும், தனியாகத் தேட வேண்டாம். (என்விடியா கார்டு என்றால் ஒருகாலத்தில் பெரும் தலைவலி. 2012-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பெனியை நினைத்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். எந்த விரல் என்று குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. 2022-ல் என்விடியா தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.) ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் வாங்கிப் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றி, ஸ்டீமை இறக்கினேன். 'விட்சர் 3' ஓடியது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஓடியது. ஒவ்வொரு கேமும் முதல் தடவை 'ஷேடர் தயாராகிறது' என்று கொஞ்ச நேரம் சுற்றும். பொறுமை வேண்டும்.

அக்கா மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எல்லாம் சரி மாமா, வாலரண்ட் ஓடுமா?"

ஓடாது. இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் சேர்ந்து நெட்டில் மோதுகிற போட்டி கேம்களில் திருட்டு ஆட்டம் அதிகம். சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டிக்கொடுக்கிற சாஃப்ட்வேரெல்லாம் விற்கிறார்கள். அதைப் பிடிக்க ஒரு காவல்காரரை வைக்கிறார்கள். வாலரண்டின் காவல்காரர் வாசலில் நிற்பவர் இல்லை. கம்ப்யூட்டரின் கர்னலுக்குள், அதாவது சமையலறை, பூஜையறை, பீரோ எல்லாவற்றுக்கும் சாவி வைத்துக்கொண்டு, பெட்டியை ஆன் செய்த நிமிஷத்திலிருந்து உள்ளேயே உட்கார்ந்திருப்பவர். லினக்ஸில் பூட்டையே மாற்றுகிற உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. 'அப்படிப்பட்ட வீட்டில் நான் வேலை பார்க்க மாட்டேன்' என்கிறார் காவல்காரர். 'ஃபோர்ட்நைட்' ஆட்களும் லினக்ஸ் பக்கம் வரவில்லை. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2022 முதல் ஓடிக்கொண்டிருந்தது. திருட்டு ஆட்டக்காரர்கள் இந்த வழியாக வருகிறார்கள் என்று 2024 அக்டோபர் 31-ல் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் ஜி.டி.ஏ. ஆன்லைனுக்கும் அதே கதி. அங்கே போட்ட 'பேட்டில்ஐ' காவல்காரருக்கு லினக்ஸில் வேலை பார்க்கத் தெரியும். கம்பெனி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லவில்லை.

"காசு குடுத்து வாங்கின பெட்டிடா. அதுக்குள்ள யார் உட்காரலாம்னு நாமதான சொல்லணும்?" என்றேன்.

"நீங்க விளையாடினதில்ல மாமா. ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டு ஆடிட்டு, திருட்டுப் பய ஒருத்தன்கிட்ட தோத்துப் பாருங்க, தெரியும்."

"வால்வோட 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' லினக்ஸ்லயே ஓடுதே, அதுல கர்னல் காவல் எல்லாம் இல்லையே?"

"அதான் அதுல அத்தனை திருட்டுப் பசங்க!"

பாயிண்ட்! அவனுக்கு நண்பர்கள் எல்லோரும் இருக்கிற இடம் அது. சாவி யார் கையில் என்கிற என் கவலை, நாற்பதை நெருங்குகிறவன் கவலை. பதினேழு வயதில் ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டாளிகளோடு ஆட முடியுமா என்பதுதான் கவலை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். வாலரண்ட் சனிக்கிழமை நண்பன் வீட்டில். மற்றதெல்லாம் இந்தப் பெட்டியில். எழுபதாயிரத்தை அக்கா அவன் காலேஜ் பீஸுக்கு ஒதுக்கிவிட்டாள்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 சட்டதிட்டப்படி பழைய பெட்டிகள் பலவற்றுக்கு இடம் இல்லை. அதே மாதக் கணக்கில், ஸ்டீமில் விளையாடுகிறவர்களில் லினக்ஸ்காரர்கள் 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். மூன்றுதானா என்று சிரிக்காதீர்கள். லோக்கி கடையை மூடிய காலத்தில் எங்களை எண்ணக்கூட யாரும் உட்காரவில்லை. நீங்களும் முயல்வதாக இருந்தால், உங்கள் கேமின் பெயரை 'புரோட்டான்டிபி' என்ற தளத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். ஆடிப் பார்த்தவர்கள் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மார்க் போட்டிருப்பார்கள். வல்கன் தெரியாத பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் பெரிய கேம்களுக்கு ஆசைப்படாதீர்கள்.

அவர்களுக்கும் வழி உண்டு, இலவசமாக. '0 ஏ.டி.' என்ற போர் கேமில் மௌரியர்கள் இருக்கிறார்கள். வேலை செய்கிற யானை, சந்திரகுப்தர், கூடவே சாணக்கியரும்! 'சூப்பர் டக்ஸ் கார்ட்' என்பது பெங்குவின் கார் ஓட்டுகிற பந்தயம், சின்னக் குழந்தைகளுக்கு.

என் பிரியம் 'ஓப்பன் டி.டி.டி.' 1995-ல் கிறிஸ் சாயர் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' கேமைப் பிரித்துப் படித்து, 2004 முதல் ஊர் கூடித் திரும்ப எழுதியது. (விண்டோஸிலும் ஓடும், பொறாமைப்பட வேண்டாம்.) நீங்கள் ஒரு போக்குவரத்துக் கம்பெனி முதலாளி. பாங்க் கடனோடு ஆரம்பிக்க வேண்டும். வட்டி, பராமரிப்பு, வண்டி ஓட்டச் செலவு என்று வருஷா வருஷம் கணக்கு வந்து நிற்கும். சரக்கு தாமதமானால் கூலி குறையும். வண்டி கிழடானால் வழியில் படுத்துக்கொள்ளும். கரன்சியை ரூபாய்க்கு மாற்றலாம். முழுசாக இல்லாவிட்டாலும் பட்டியல்கள் தமிழிலும் வரும். ஊர்ப் பெயர்களை நாமே வைக்கலாம். பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன சொர்க்கம்?

நான் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே எட்டு பஸ் விட்டிருந்தேன். அக்கா மகன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "இவ்ளோ கூட்டம் நிக்குது, பஸ்ஸ வச்சு என்ன பண்றீங்க? ரயில் போடுங்க மாமா!"

போட்டோம். வண்டி இப்போதுதான் திருவிடைமருதூரைத் தாண்டியிருக்கிறது.